மைப்போத்தல் சேர்

இவரைப் பற்றி எழுதாமல் விடுவம் எண்டு தான் முதல் நினைச்சனான். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு பக்கம் எழுதிறது எனக்கு ஒரு லொறி கதிரை இறக்கிற மாதிரி. அந்தக் கஷ்டத்தை இந்த மனிசனுக்காகப் படவேணுமோ? ஆனா போன மாசம் வெள்ளவத்தை மார்க்கெட்டடியில ஆளைக் கண்டுட்டன். தெம்பிலி இளநி விக்கிறவன்ர வண்டிலடியில நிண்டு, குடிக்க வந்த சனத்தை வரிசையில நிக்கச் சொல்லி வகுப்பு எடுக்கிறார். வந்து நிண்டதே ரெண்டு பேர். தெம்பிலிக்காரன் கத்தியைக் கையில பிடிச்சுக்கொண்டு என்னைப் பார்த்து, "மெயா கவுத மல்லி?" எண்டான். ஆர் இந்தாள் எண்டு கேக்கிறான். அவனுக்குச் சிங்களத்தில சொல்லி முடிக்க ஏலாமல் போனதைத் தான் இஞ்ச தமிழில எழுதிறன்.

பேர் சொல்லமாட்டன். நானும் யோகுவும் அவருக்கு வச்ச பேர் மைப்போத்தல். முன்னுக்கு நிக்கேக்க சேர், முதுகைக் காட்டினா மைப்போத்தல்.

நானும் யோகுவும் அப்ப கொட்டாஞ்சேனையில, கதிரை, கூடாரம், மைக் செட் வாடகைக்கு விடுற கடையில வேலை. கலியாணம், செத்தவீடு, மாதா கோயில் பெருநாள் எல்லாத்துக்கும் நாங்கள் தான். எலக்ஷன் வந்தா இன்னொரு வேலை வரும். வோட்டுப் போடுற சாவடியளில வேலை செய்யப் போற அரசாங்கக் கந்தோர் ஆக்களுக்கும் ரீச்சர்மாருக்கும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில வகுப்பு நடக்கும். தமிழில படிப்பிக்கிறவர் இவர். கதிரை போடுறது நாங்கள். போட்டிட்டுப் போகலாம் தான். ஆனா காசு குடுத்தாலும் பார்க்கேலாத கூத்து எண்டு பின் கதிரையில இருந்து பார்ப்பம்.

மனிசன் அங்க எல்லாருமா நடிப்பார். கண் தெரியாத கிழவி வருவா. வெறியில வாறவன் வருவான். மற்றவன்ர பேரில கள்ள வோட்டுப் போட வாறவன் வருவான். கள்ளனா வரேக்க தான் நடிப்பு திறம். தோளைச் சரிச்சு, கண்ணை உருட்டி, பக்கெற்றுக்குள்ள கையை விட்டு... அவ்வளவு இயல்பு. நான் யோகுவின்ர காதுக்குள்ள, "பழகின கை மச்சான்" எண்டுவன். அவன் சிரிப்பை அடக்கேலாமல் கதிரைக்கு அடியில குனிவான்.

வோட்டுத் தொடங்க முதல் பெட்டி வெறும் பெட்டி எண்டு எல்லாருக்கும் காட்டவேணுமாம். தலைகீழாக் கவிழ்ப்பார், குலுக்குவார், வாயைத் திறந்து சுத்திக் காட்டுவார்.

"என்ன தெரியுது?"

"ஒண்டும் இல்லை சேர்."

"சத்தமா!"

"ஒண்டும் இல்லை சேர்!"

ஒருக்கா நான் பின்னுக்கு இருந்து, "சேர், ஒரு கரப்பான் இருக்கு" எண்டன். உண்மையா இருந்தது. வேற ஆளெண்டா சிரிச்சுப்போட்டுத் தட்டி விட்டிருப்பார். இவர் வகுப்பை நிப்பாட்டி, பெட்டியை வெளிய கொண்டு போய், கரப்பானை அகற்றி, திரும்பக் கொண்டு வந்து கவிழ்க்கிறதில இருந்து தொடங்கினார். அரைமணித்தியாலம் போச்சு. ஒரு கிளார்க் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே, கரப்பானுக்குக் கூட அப்பிடிப் பார்வை கிடைச்சிருக்காது.

அவற்ற உயிர் மூச்சு மை. வோட்டுப் போட வாறவன்ர இடக்கைச் சின்ன விரலைப் பார்க்கவேணும், மை இல்லாட்டித் தான் வோட்டுத் துண்டு குடுக்கவேணும், குடுக்க முதல் மை பூசவேணும். இவ்வளவு தான் விசயம். அதை மனிசன் வாய்ப்பாடு மாதிரி ஆக்கி வச்சிருந்தவர்.

"விரலில மை இருந்தா?"

"துண்டு இல்லை!" மண்டபம் முழுக்கச் சொல்லவேணும்.

"அழுதா?"

"துண்டு இல்லை!"

"சொந்தத் தாய் எண்டா?"

"துண்டு இல்லை!"

அந்தக் குரலைக் கேட்டா, அடேயப்பா, இந்த நாட்டையே இந்தாள் தான் தாங்கிப் பிடிக்கிறார் எண்டு நினைப்பீங்கள். நானும் கொஞ்சக் காலம் நினைச்சனான். அந்த நினைப்பு ஒரு பஸ்ஸில போச்சு.

வகுப்புக்குக் காட்டுற பெட்டியை வெள்ளவத்தையில அவற்ற வீட்டில வச்சிருப்பார். ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு வர என்னைக் கூப்பிட்டவர். பெட்டியை வடிவா மூடி, நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊத்தி முத்திரை குத்தி வச்சிருந்தார். முத்திரை எண்டா என்னெண்டு வகுப்புக்கு விளங்கவேணுமாம். பஸ்ஸில வாற வழி முழுக்க எனக்கும் வகுப்பு. "இந்த முத்திரையை உடைக்க ஆண்டவரே இறங்கி வந்து கேட்டாலும் விடக்கூடாது. விளங்குதோ?" எண்டார். "ஓம் சேர், வந்தா நான் மறிக்கிறன்" எண்டன்.

செக்பொயின்ற்றில பஸ்ஸை மறிச்சு, ஆம்பிளையள் எல்லாரையும் இறக்கினாங்கள். அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு வரிசையில நிக்கிறம். பெட்டி என்ர மடியில இருந்தது, இப்ப காலடியில. ஆமிக்காரப் பொடியன் ஒருத்தன், மீசை கூடச் சரியா முளைக்கேல்லை, துவக்கால பெட்டியைக் காட்டி, "மொகத மேகே?" எண்டான். என்ன இது எண்டு தான் கேட்டான். திறக்கச் சொல்லிக்கூடக் கேக்கேல்லை. எங்கட ஆள் அதுக்கு முதலே நிலத்தில குந்திட்டார். "சந்த பெட்டிய சேர், சந்த பெட்டிய" எண்டு, வோட்டுப் பெட்டி எண்டு சொல்லிச் சொல்லி, அரக்கை நகத்தால சுரண்டி, நூலைப் பல்லால கடிச்சு அறுத்து, பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கிக் காட்டுறார். அந்தப் பொடியனுக்கு அவர் சொன்ன சேர் இருக்கே, அவ்வளவு பணிவான சேரை எந்த மேலதிகாரியும் அவரிட்ட இருந்து கேட்டிருக்கமாட்டான். பொடியன் எட்டிப் பார்த்திட்டு, "யன்ன, யன்ன" எண்டு போகச் சொன்னான்.

பயப்பிட்டதுக்கு நான் ஆளைக் குறை சொல்லேல்லை. அந்தக் காலத்தில அந்த வரிசையில நிண்ட ஆருக்குப் பயமில்லை? நானும் தான் பயந்தனான். ஆனா பஸ்ஸில திரும்ப ஏறினவுடன, அரக்குத் தூள் இன்னும் உதட்டில ஒட்டியிருக்க, முன்சீற்றில இருந்த ஒரு தமிழ்ப் பொம்பிளையைப் பார்த்து, "அம்மா, அடையாள அட்டையை இறங்க முதலே எடுத்து வச்சிருக்கவேணும், உங்களால தான் வரிசை சுணங்கினது" எண்டு ஏசினார் பாருங்கோ. அண்டைக்கு விளங்கிச்சு. அவற்ற ஒழுங்கு மேல பார்த்து வால் ஆட்டும், கீழ பார்த்துத் தான் குலைக்கும்.

சொந்தக்காரருக்கும் அதே குலைப்புத் தான். அவற்ற வீட்டில ஒரு திவசத்துக்குக் கதிரை கொண்டு போனனாங்கள். மனிசியின்ர தமையன் நுகேகொடையில இருந்து பஸ் மாறி மாறிப் பிந்தி வந்தார். முதல் பந்தி இருந்திட்டுது. ஒரு இலை சும்மா கிடக்கு. இவர் வாசலில மறிச்சு, "அடுத்த பந்தி" எண்டுறார்.

"டேய், நான் உன்ர மச்சானடா!"

"மச்சான் எண்டு எனக்குத் தெரியும். பந்திக்குத் தெரியாது."

மனிசி குசினிக்குள்ள இருந்து எட்டிப் பார்த்து, "தம்பியவை, இவர் கட்டினது என்னை எண்டு நினைக்கிறியளே? இல்லை. எலக்ஷனை" எண்டா. பிறகு பிரிட்ஜைத் திறந்து காட்டினா. முட்டை வைக்கிற தட்டில, முட்டைக்கு நடுவில, போன எலக்ஷனில மிஞ்சின ஒரு மைப்போத்தல். மூடியில பொலித்தீன் சுத்தி, றப்பர் பாண்ட் போட்டு. வகுப்புக்கு அதைக் கொண்டு போறதும் ஒரு தினுசு. நெஞ்சோட அணைச்சு, ரெண்டு கையாலயும், பாதர் வருத்தக்காரருக்கு நற்கருணை கொண்டு போற மாதிரி. பேர் வச்சது அண்டைக்குத் தான்.

இனி யோகுவைப் பற்றிச் சொல்லவேணும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பொடியன். தாத்தா காலத்தில இருந்து அந்தக் குடும்பம் இந்த நாட்டுத் தேத்தண்ணிக்குத் தான் கொழுந்து பறிச்சது. ஆனா பிரஜாவுரிமை ஒருத்தருக்கும் இல்லை. எலக்ஷன் எண்டா அவையளுக்கு றோட்டில போற ஸ்பீக்கர் சத்தம் மட்டும் தான். அந்த வருசம் தான் இவனுக்குப் பத்திரம் சரி வந்தது. நாங்கள் இருந்த போடிங்கின்ர விலாசத்தில வோட்டர் லிஸ்டிலயும் பேர் வந்தது. தகப்பன்ர பத்திரம் இன்னும் எங்கயோ ஒரு கந்தோரில கிடந்தது. தோட்டத்துக் கடைக்கு ஒவ்வொரு கிழமையும் போன் எடுப்பான். தகப்பன் வேற ஒண்டும் கதைக்கமாட்டார். "நல்லா பாத்து போடுப்பா. நம்ம வீட்டு மொத வோட்டு."

இவன் அதுக்கு எடுத்த ஆயத்தம் இருக்கே! கதிரை அடுக்கேக்க சோக்கால ஒவ்வொரு கதிரையின்ர முதுகிலயும் வோட்டுக்குப் போடுற பெருக்கல் குறி, புள்ளடி, போட்டுப் பழகுவான். "கோடு கட்டத்துக்கு வெளிய போனா செல்லுமாடா?" எண்டு கேப்பான். "வெளிய போனா ரெண்டு வருசம் மறியல், ஜெயில் தான்" எண்டு நான் பேய்க்காட்டுவன். ஒரு நாள் முழுக்க நம்பினான், விசரன்.

கடைசி வகுப்பு வந்தது. எலக்ஷனுக்குக் கொஞ்ச நாள் தான் இருக்கு. சேர் போத்தலை மேசையில வச்சார். "இண்டைக்கு நிசமான மை, நிசமான விரல். தண்ணி பூசிப் பழகினா வேலையும் தண்ணியாத் தான் இருக்கும். ஆர் வாக்காளர்?"

அங்க இருந்த கந்தோர் ஆக்கள் எல்லாம் தங்கட வோட்டைத் தபாலில முதலே போட்டு முடிச்சவை. அவையளுக்கு மையால நட்டமில்லை. ஆனா ஒருத்தருக்கு அலர்ஜி, ஒருத்திக்கு வாற கிழமை தங்கச்சியின்ர கலியாணம், மற்றவைக்கெல்லாம் அண்டைக்கெண்டு விரலில காயம். நான் முன்னமே ஒரு பிளாஸ்டர் சுத்திக்கொண்டு வந்தனான். சேரின்ர கண் மண்டபத்தைச் சுத்தி வந்து, கதிரை அடுக்கிக்கொண்டு நிண்ட யோகுவில விழுந்தது.

"தம்பி, இஞ்ச வா. நீ தான் வாக்காளர்."

"நெசமாவா சார்?" எண்டு கையைச் சாரத்தில துடைச்சுக்கொண்டு ஓடினான். வோட்டே கையில குடுத்த மாதிரி முகம்.

மை மேசையில ஒரு ரீச்சர். நல்ல மனிசி, ஆனா பயந்த சுபாவம். அவ பூசினா. சேருக்குப் பிடிக்கேல்லை. "தடவாதேங்கோ மிஸ், பூசுங்கோ! நகமும் தோலும் சேருற இடம்!" திரும்பப் பூசினா. திரும்பவும். யோகுவின்ர விரல் நடு மூட்டு வரைக்கும் தார் றோட்டு மாதிரி ஆச்சு. அவன் துண்டை வாங்கி, தட்டிக்குப் பின்னால போய்ப் புள்ளடி போட்டு, மடிச்சு, பெட்டிக்குள்ள போட்டான். சேர் கை தட்டினார். "பார்த்தீங்களோ! இவன் தான் வாக்காளர்! படிச்ச உங்களில ஒருத்தரும் துண்டை இப்பிடி மடிக்கமாட்டீங்கள்!"

வகுப்பு முடிய யோகு விரலைப் பார்த்துக்கொண்டு மெதுவாப் போய்க் கேட்டான். "சார், எனக்கு எலக்ஷன் அன்னிக்கு ஓட்டு இருக்குங்க. இது அதுக்குள்ள போயிருங்களா?"

"போனா அது மையோ? இது கிழமைக் கணக்கில அசையாது" எண்டு சேர் பெருமையாச் சொன்னார். பேந்து தான் மண்டையில தட்டிச்சு. "எங்க உனக்கு வோட்டு?"

அவன் பள்ளிக்கூடத்தின்ர பேரைச் சொன்னான்.

"அட, அங்க நான் தானே பொறுப்பு! எஸ்.பி.ஓ. நான் தான். நீ யோசிக்காமல் வா."

அவன் யோசிச்சான். நான் தான் பப்பாசிப் பால், மண்ணெண்ணெய், பெயின்ற் தின்னர் எல்லாம் கொண்டு வந்து தும்பால உரஞ்சிப் பார்த்தனான். தோல் போச்சு, மை போகேல்லை.

எலக்ஷன் அண்டைக்கு யோகு புதுச் சேர்ட் போட்டான். மடிச்ச கோடு கூடக் கலையேல்லை. "பொம்பிளை பார்க்கவோடா போறாய்?" எண்டு கேட்டன். "அதுக்கு இதெல்லாம் போட மாட்டேன்" எண்டான். வரிசையில எனக்கு முன்னால நிண்டான். வாசலில ஒரு பொலிஸ் சார்ஜன்ட் உள்ளுக்குப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். உள்ளுக்குக் கிளார்க் யோகுவின்ர முழுப் பேரையும் தகப்பன்ர பேரோட சேர்த்துச் சத்தமா வாசிச்சார். கட்சிக்காரர் வாங்குப் பெஞ்சில இருந்து தங்கட லிஸ்டில கோடு போட்டினம். பின்னுக்கு நிண்ட எனக்கே அவன்ர காது சிவந்தது தெரிஞ்சுது.

அடுத்தது மை மேசை. அதே ரீச்சர். விரலைப் பார்த்தா, அவன்ர முகத்தைப் பார்த்தா, திரும்ப விரலைப் பார்த்தா. சேர் எழும்பி வந்தார்.

"என்ன மிஸ் சுணக்கம்?"

"சேர், இது எங்கட வகுப்பில நான் பூசின..."

"கேட்டதுக்குப் பதில். விரலில என்ன?"

"மை சேர்."

"மை இருந்தா?"

ரீச்சர் பிடிச்சிருந்த விரலை விட்டா.

"மை இருந்தா, மிஸ்?"

"துண்டு இல்லை." அந்தச் சத்தம் மேசையைத் தாண்டேல்லை.

யோகு சிரிச்சுக்கொண்டு தான் சொன்னான், பகிடி விடுறார் எண்டு நினைச்சு. "சார், நீங்க தானே பூசச் சொன்னீங்க. யோசிக்காம வான்னீங்களே."

சேர் முதல் வாசலைப் பார்த்தார். சார்ஜன்ட் அங்க தான் நிண்டார். பேந்து யோகுவைப் பார்த்தார்.

"தம்பி, உன்னை எனக்குத் தெரியும். எஸ்.பி.ஓ.வுக்குத் தெரியாது."

"அப்ப அந்த எஸ்.பி.ஓ.வைக் கூப்பிடுங்கோ சேர், நாங்கள் அவரோட கதைக்கிறம்" எண்டு நான் பின்னுக்கு நிண்டு கத்தினன். வரிசை சிரிச்சுது. அவர் சிரிக்கேல்லை.

வாங்கில இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், கட்சிக்காரர், "குடுத்துடுங்களே சேர், புள்ள பாவம். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" எண்டார். பக்கத்தில இருந்த மற்றக் கட்சிச் சிங்கள ஆளும் "தென்ன மாத்தயா", குடுங்கோ ஐயா எண்டு தலையாட்டினார். ஒருத்தனுக்கு ஒருத்தன் முகம் பார்க்காத ரெண்டு கட்சியும் அண்டைக்கு ஒண்டா நிண்டுது. இவர் விடேல்லை. "இப்ப இப்பிடிச் சொல்லுவீங்கள். நாளைக்கு நீங்களே பெட்டிசம் அடிப்பீங்கள்."

"வேற வழியே இல்லீங்களா சார்?" யோகுவின்ர சிரிப்பு இன்னும் முகத்தில தான் கிடந்தது, எடுக்க மறந்த மாதிரி.

படிப்பிக்கிற கேள்வி வந்தவுடன மனிசன்ர முகம் தெளிஞ்சுது. "ஒரு வழி இருக்கு. உன்ர பேரில வேற ஆராவது கள்ள வோட்டுப் போட்டிருந்தா, உனக்குத் தனியா ஒரு துண்டு தரலாம். ஆரும் போட்டிருக்கோ?"

"இல்லை சேர்" எண்டார் கிளார்க்.

"போடேல்லை. பார்த்தியோ?" எண்டவர், கொஞ்சம் யோசிச்சு, "ஆனா அதுக்கும் விரலில மை இருக்கக்கூடாது" எண்டார். நல்லவனா வந்தாலும் துண்டில்லை, கள்ளன் வந்திருந்தாலும் துண்டில்லை.

யோகு விரலை மடிச்சு உள்ளங்கைக்குள்ள வச்சுக்கொண்டு வெளிய போனான். ரீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

அடுத்தது நான். வகுப்புக்குச் சுத்தின பிளாஸ்டர் இன்னும் விரலில கிடந்தது, கழட்டச் சொன்னார். கழட்டினன். பால் மாதிரி விரல். வாயைத் திறந்தாப் பொய் சொல்லுற எனக்குத் துண்டு வந்தது. தட்டிக்குப் பின்னால போய் நான் கீறினது புள்ளடி இல்லை. ஒரு போத்தல் கீறினன், மூடியோட, பக்கம் முழுக்க. எண்ணினவங்கள் பார்த்திருப்பாங்கள்.

பின்னேரம் கதிரை எடுக்கப் போனனான். சேர் தனிய இருந்து போத்தலின்ர கழுத்தை லேஞ்சியால துடைச்சுக்கொண்டிருந்தார்.

"உன்ர கூட்டாளி கோவமோ?"

"இல்லை சேர், சந்தோசத்தில பாட்டுப் படிக்கிறான்."

"விளங்கப்படுத்து. நல்ல வாக்காளர் அவன். அடுத்த முறை வரச் சொல்லு."

"சார்ஜன்ட் போயிட்டார் சேர். இப்ப எஸ்.பி.ஓ.வுக்கு ஆளைத் தெரியுதோ?"

கன நேரம் துடைச்சார். பேந்து போத்தலை வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பார்த்து, "இன்னும் அரைவாசி கிடக்கு" எண்டார். அவ்வளவு தான் அந்த மனிசன்.

அடுத்த முறை எண்டு ஒண்டு வரேல்லை. தமிழாக்களைப் பிடிக்கிற றவுண்டப், பொலிஸ் பதிவு எண்டு கரைச்சல் கூட, போடிங்காரர் பயத்தில எங்கட பேர் ஒண்டையும் லிஸ்டுக்குக் குடுக்கேல்லை. யோகு கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான். இண்டைக்கு வரைக்கும் அவன் வோட்டுப் போட்டதில்லை.

ஆனா அந்த எலக்ஷன் முடிஞ்ச கையோட தோட்டத்துக்குப் போனவன். வழியில செக்பொயின்ற்றில ஆமிக்காரன் விரலைப் பார்த்து, "சந்தே தாலாத மல்லி?" எண்டு, வோட்டுப் போட்டியோ எண்டு கேட்டானாம். இவன் "ஓவ்" எண்டு தலையாட்டினானாம். பையைக்கூடத் திறக்காமல் விட்டுட்டான். வீட்டை போனா, தகப்பன் அந்த விரலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு லயம் முழுக்க வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "எப்புடி இருந்துச்சு, சொல்லு, எல்லாருக்கும் சொல்லு" எண்டு. இவன் சொன்னானாம். துண்டு தந்தாங்க, தட்டிக்குப் பின்னால போனேன், மடிச்சு பெட்டியில போட்டேன், பெரிய சார் கை தட்டுனாரு எண்டு. எல்லாம் வகுப்பில நடந்தது தான்.

அதுக்காக மைப்போத்தலுக்கு மாலை போடச் சொல்லாதேங்கோ. தெம்பிலி குடிக்க வந்த ரெண்டு பேரையும் வரிசையில நிப்பாட்டிப்போட்டு, தான் வரிசை இல்லாமல் வாங்கிக் குடிச்சிட்டுப் போனதை என்ர கண்ணால கண்டனான். என்னைத் தெரிஞ்ச மாதிரியும் காட்டேல்லை.

இதை எழுதி முடிச்சு யோகுவுக்கு மெசேஜ் போட்டன். "மைப்போத்தலைக் கிழிச்சு எழுதியிருக்கிறன் மச்சான், உன்ர விரலும் வருது, பரவாயில்லையோ?" எண்டு. கட்டாரில இருந்து உடன பதில் வந்தது:

"எழுதுடா, எங்கப்பா கையில மட்டும் கெடைக்காம பாத்துக்க."